வளையாத நங்கூரம்

முனாப்புக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று கிண்ணியாவில் சொல்வார்கள். அது கொஞ்சம் குறைத்துச் சொல்வதுதான். மீன் வாங்க வருகிறவன் செவுளைத் தூக்கிப் பார்த்தால் அவனுக்கு ஏச்சு. கயிற்றை ஒழுங்காகச் சுருட்டாவிட்டால் கூட வருகிறவனுக்கு ஏச்சு. இஞ்சின் ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அதைச் செய்த நாட்டுக்காரர்களுக்கும் சேர்த்து ஏச்சு. தலை நரைத்த பிறகும் அந்த மனுசன் வாயை அடக்கியதை ஊரில் ஒருவரும் கண்டதில்லை. அப்பேர்ப்பட்டவரின் வாயைக் கட்டிப்போடவும் ஒரு ஆள் வந்து சேர்ந்தான். வேறு யாருமில்லை, அவருடைய ஒரே மகள் நஸ்ரினைக் கலியாணம் முடித்த மாப்பிள்ளை, மூதூர்க்காரன் அஷ்ரப்.

அந்தப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பது. முனாப்பும் மனைவி ஜெமீலாவும் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, குசினிக்குப் பின்னால் இறக்கிய தகரப் பத்திக்கு மாறிக்கொண்டார்கள். புது மாப்பிள்ளைக்கு என்று தனி மரியாதை இருக்கிறது. கோழியில் நல்ல துண்டு அவனுக்கு. மாமியார் கதவுக்குப் பின்னால் நின்றுதான் கதைப்பாள். எல்லாவற்றையும் விடப் பெரிய விசயம், மாப்பிள்ளையில் குறை சொல்லவே கூடாது. ஒரு சொல் பிசகினால் போதும், உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போய்விடுவான். பக்கத்துத் தெருவில் அப்படி ஒருவன் போனான். விளக்கு வீணாக எரிகிறது என்று மாமனார் சும்மா ஒரு கதை சொன்னார், அவ்வளவுதான். பெரியவர்கள் போய்க் கெஞ்சியும் ஆள் திரும்பி வரவில்லை. அந்தப் பிள்ளை இப்போது கைக்குழந்தையோடு வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. நஸ்ரினை அந்தக் கோலத்தில் நினைத்துப் பார்க்கவே முனாப்பால் ஏலாது. ஆகவே மாப்பிள்ளை வீட்டில் நிற்கும் நேரமெல்லாம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நல்ல மனுசனாக இருந்தார்.

அஷ்ரப் கெட்டவனில்லை. கொழும்புப் பக்கத்தில் ஓர் இரும்பு உருக்கும் ஆலையில் உலையடியில் வேலை செய்தவன். நாடு கடனில் மூழ்கி வங்குரோத்தாகிப்போன காலத்தில் உலை நின்றுவிட, ஊருக்கு வந்து கிண்ணியாவில் ஒரு கராஜில் இரும்பு ஒட்டுகிற வெல்டிங் வேலை பார்த்தான். வேலைக்காரன்தான். ஆனால் கடலைப் பற்றி அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அது அவன் குற்றமுமில்லை.

ஒரு நாள் பின்னேரம் அவன் வேலை முடிந்து வரும்போது, முனாப் முற்றத்தில் குந்தியிருந்து நங்கூரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பெரிய கப்பல் நங்கூரம் என்று நினைத்துவிட வேண்டாம். சின்னப் போட்டுகளுக்கு அங்கே நங்கூரம் என்றால், வீடு கட்டுகிற கம்பியில் நாலு துண்டை வளைத்து ஒரு தண்டின் அடியில் ஒட்டியதுதான். நாலு கையும் நிமிர்ந்துபோய்க் கிடந்தன. அவர் ஒரு குழாயை மாட்டி ஒவ்வொன்றாகத் திருப்பி வளைத்தார்.

"என்ன மாமா, கை நிமிந்திட்டா?"

"ஓம் மருமகன். பாருக்குள்ள போட்டா நிமிரும்."

"ஒவ்வொரு முறையுமா?"

"ஓம், ஒவ்வொரு முறையும்தான்."

அவ்வளவோடு கதை நின்றது. பார் என்பது கடலுக்கடியில் இருக்கிற கற்பாறைத் திட்டு. மீன் இருப்பதும் அங்கேதான், நங்கூரம் சிக்குவதும் அங்கேதான். சிக்கினால் கயிற்றைப் போட்டில் கட்டி இஞ்சினால் இழுப்பார்கள். கம்பி நிமிர்ந்து கொடுக்கும், நங்கூரம் கழன்று வரும், கரைக்கு வந்து திருப்பி வளைத்துக்கொள்வார்கள். நிமிர வேண்டும் என்பதற்காகவே அதைக் கம்பியில் செய்கிறார்கள். இந்த நாலு வசனத்தை வேறு எவனிடமும் முனாப் நாற்பது வசனமாகச் சொல்லியிருப்பார், அதுவும் ஏச்சோடு. மாப்பிள்ளைக்குப் பாடம் எடுப்பது மரியாதையில்லை என்று வாயை மூடிக்கொண்டார். அவனோ மாமா முறைப்பாடு சொல்கிறார் என்று விளங்கிக்கொண்டான்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அவனே கதையை எடுத்தான்.

"அந்தக் கம்பிக்குக் காபன் காணாது மாமா. அதுதான் இந்தப் பாடு."

"காணாதா?" என்றார் முனாப். என்ன காணாது என்று அவருக்கு விளங்கவில்லை.

"நூறு கிலோ இரும்பெடுத்தா அதில காக்கிலோ காபன் இருந்தா, அது வீட்டுக் கம்பி. வளைச்சா வளையும். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல போனா லொறி ஸ்பிரிங். வளைச்சாலும் பழைய இடத்துக்கே வந்து நிக்கும். மூணு கிலோவெண்டா தையல் மெசின்ட கால் மாதிரி, கீழ போட்டா ரெண்டாப் போயிரும். எல்லாம் ஒரே இரும்புதான். காபன் கூடிக் குறையிறதுதான் வித்தியாசம்."

கதவுக்குப் பின்னால் ஏதோ குசுகுசுப்புக் கேட்டது. நஸ்ரின் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "காபனெண்டா அடுப்புக் கரியா எண்டு உம்மா கேக்கிறா."

"ஓம், ஒரு வகையில கரிதான் மாமி," என்று கதவைப் பார்த்துச் சொன்னான் அஷ்ரப். அதற்குப் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. ஓட்டை வாளி, துருப்பிடித்த கட்டில், லொறிச் சட்டம் என்று கிடைத்ததையெல்லாம் உலைக்குள் கொட்டுவார்களாம். மேலேயிருந்து கரியால் செய்த மூன்று பெரிய தூண்களை இறக்கி மின்சாரத்தைப் பாய்ச்சினால் இடி இடிக்கிற மாதிரிச் சத்தம் கேட்குமாம். எல்லாம் உருகித் தண்ணீரானதும் குழாய் விட்டு ஒட்சிசன் வாயுவை அடிப்பார்கள். உள்ளே இருக்கிற காபன் எரிந்து புகையாகப் போகும். நீண்ட கரண்டியில் ஒரு துளி அள்ளிப் பரிசோதிக்கக் கொடுத்தால், காபன் எவ்வளவு என்று இலக்கம் வரும். கூடினால் இன்னும் ஒட்சிசன், மிஞ்சிக் குறைந்துவிட்டால் ஒரு பை கரித்தூள். கரண்டி பிடித்தது அஷ்ரப்தான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. நஸ்ரின் அதைப் பார்த்துக்கொண்டு சோறு பிசையாமல் இருந்தாள். மகள் அப்படிப் பார்த்ததை முனாப் கண்டார், அவருக்குச் சந்தோசமாக இருந்தது. "மாசா அல்லாஹ்," என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழும்பிவிட்டார்.

வந்தது வினை. அடுத்த கிழமை அஷ்ரப் ஒரு புது நங்கூரத்தோடு வந்து நின்றான்.

வேலையில் ஒரு பிழை பிடிக்க முடியாது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். உடைந்த லொறி ஸ்பிரிங்கை நீளவாக்கில் வெட்டி, செக்கச் செவேலென்று பழுக்கக் காய்ச்சி, நாலு கைகளையும் வளைத்திருந்தான். அந்த உருக்கை அப்படியே ஒட்டினால் ஒட்டு வெடிக்கும் என்று சூடாக்கி ஒட்டி, சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட்டிருந்தான். பிறகு கைகளைத் திரும்பப் பழுக்க வைத்து எண்ணெயில் தோய்த்தான். அதோடு விட்டால் கண்ணாடி மாதிரி உடையும் என்பதால், இன்னொரு தடவை மெல்லிய சூடு காட்டி, இரும்பில் நீல நிறம் ஏறும் நேரம் பார்த்து எடுத்திருந்தான். உடையாது, வளையாது. மேலே பச்சைப் பெயின்ற் வேறு.

"இனி நீங்க குழாயோட குந்தியிருக்கத் தேவையில்ல மாமா. இது சாகும்வரைக்கும் நிமிராது."

முனாப் அதைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கையை மிதித்துப் பார்த்தார். அது அசையவில்லை. இந்தச் சனியன் பாருக்குள் மாட்டினால் கடலை இறைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நஸ்ரின் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கு மருமகன்," என்றார்.

கடற்கரையில் சின்னராசா அதைக் கண்டதும் குனிந்து தட்டிப் பார்த்தார். அவருடைய போட் முனாப்பின் போட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். இரண்டு பேரும் நாள் தவறாமல் சண்டை பிடிப்பார்கள், நாள் தவறாமல் ஒன்றாகத் தேத்தண்ணி குடிப்பார்கள்.

"இதென்ன முனாப், கப்பல் ஏதும் வாங்கிப்போட்டியோ?"

"வாயப் பொத்து. மருமகன் செஞ்சு தந்தது."

"செய்தது வடிவு. ஆனா ஒருக்காப் பாருக்க மாட்டினா கழட்டத் தண்ணிக்க மூழ்கிற சுழியோடிதான் வரவேணும். அந்தப் பொடியனிட்டச் சொல்லன்."

"ஏலாது."

"நீயே ஏலாதெண்டு சொல்லுறாய்? நேற்றும் என்னை ஊர் பாக்க வைச்சு ஏசினனியெல்லே?"

"நீ என்ட மாப்புளையா?"

சின்னராசா விழுந்து விழுந்து சிரித்தார். முனாப்புக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தனக்குள் ஒரு வழி வைத்திருந்தார். மாப்பிள்ளையின் நங்கூரத்தைப் போட்டில் பார்வைக்கு வைத்துக்கொண்டு, பழையதைப் போட்டு மீன் பிடிப்பது. யாருக்கும் மனவருத்தம் இல்லை.

வீட்டுக்குப் போனால் பழையதைக் காணவில்லை. பழைய இரும்புக்குப் பிளாஸ்டிக் சாமான் தருகிற லொறி தெருவால் வந்திருக்கிறது. ஜெமீலா பழைய நங்கூரத்தைக் கொடுத்து ஒரு சிவப்பு வாளி வாங்கியிருந்தாள்.

"புதுசுதான் இருக்கே, அது என்னத்துக்கு?" என்றாள். முனாப் அந்த வாளியை வெகுநேரம் பார்த்தார். மாப்பிள்ளை உள்ளே இருந்தபடியால் ஏச்சை விழுங்கிக்கொண்டார். கம்பியில் இன்னொன்று செய்வித்தால் அந்தக் கதை அவன் காதுக்குப் போய்விடும்.

அதற்குப் பிறகு அவர் பார்ப்பக்கம் போவதை விட்டுவிட்டார். கொட்டியாரக்குடாவின் மணல் தரையில் நங்கூரத்தைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார். மணலில் அது அருமையாகப் பிடித்தது. மீன்தான் இல்லை. சின்னராசா கலவாயும் விளைமீனுமாக இறக்கும்போது, முனாப் சுண்டுவிரல் அளவில் சூடைமீனைக் கூடையில் கொட்டிக்கொண்டு நின்றார். அடக்கி வைத்த ஏச்செல்லாம் நெஞ்சுக்குள் கட்டிபட்டுப்போய் ஒழுங்காக நித்திரையும் வரவில்லை.

பௌர்ணமிப் போயா லீவு அன்று அஷ்ரப் தானே முன்வந்தான். "மாமா, நானும் வாறன். பாருக்குப் போவம். நங்கூரம் எப்பிடிப் பிடிக்குதெண்டு பாக்க வேணும்."

எப்படிப் பிடிக்கும் என்று முனாப்புக்குத் தெரியும். "காத்து ஒரு மாதிரி இருக்கு மருமகன்," என்று இழுத்துப் பார்த்தார். காற்று நன்றாகத்தான் இருந்தது. நஸ்ரின் சாப்பாட்டுப் பார்சலைக் கட்டிக் கையில் தந்துவிட்டாள். வேறு வழியில்லை.

குடாவின் வாய்க்கு வெளியே, பாருக்கு மேலே போட்டை நிறுத்தி முனாப் நங்கூரத்தை இறக்கினார். கயிறு ஒரு வெட்டு வெட்டி நின்றது. அஷ்ரப் கயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான். அன்றைக்கு மீனும் வஞ்சகமில்லாமல் வந்தது. அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கலவாயைத் தூக்கி, அதன் முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினான். முனாப்பும் பயத்தைக் கொஞ்சம் மறந்திருந்தார்.

வெயில் ஏறக் கச்சான் காற்று கிளம்பியது. கரைப்பக்கமிருந்து அடிக்கிற காற்று அது. வெளிக்கடலிலிருந்து வந்த அலையோடு முட்டி, தண்ணீர் கண்டபடி கொந்தளித்தது. சுற்றி நின்ற போட்டுகள் ஒவ்வொன்றாக நங்கூரத்தை இழுத்துக்கொண்டு கரைக்குத் திரும்பின. முனாப் கயிற்றைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு பேருமாக இழுத்தார்கள், வரவில்லை. கயிற்றைக் குறுக்கி போட்டின் மூக்கில், முன்னணியத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு, வழக்கம்போல இஞ்சினைக் கொடுத்து இழுத்தார். வழக்கமாக இந்த இடத்தில் கீழே ஒரு நெகிழ்வு தெரியும், கம்பி நிமிர்கிற நெகிழ்வு. இன்றைக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. போட்டின் முன்பக்கம்தான் கீழே போனது.

"பிடிச்சா விடாது, பாத்தீங்களா மாமா?" என்று அஷ்ரப் சொன்னான். சொல்லி முடிக்கும்போதே முதல் அலை முன்னணியத்தால் உள்ளே ஏறியது.

கயிற்றை அறுத்தால் தீர்ந்தது. கத்தி முனாப்பின் காலடியில் மீன் வெட்டுகிற பலகையில் கிடந்தது. வேறு யார் செய்த நங்கூரமாக இருந்தாலும் எப்போதோ அறுத்திருப்பார். இது மாப்பிள்ளை தன் கையால் செய்து தந்தது, அவனும் முன்னுக்கே நிற்கிறான், அவன் பார்க்க அதை எப்படி அறுத்துக் கடலுக்குள் விடுவது? இன்னொரு பக்கமாகத் திருப்பி இழுத்துப் பார்த்தார். இரண்டாவது அலை வந்தது. மீன் பெட்டி மிதந்தது. அஷ்ரப் சிரிப்பை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் தண்ணீரை அள்ளிக் கொட்டத் தொடங்கினான். அவனுக்கு நீந்தத் தெரியாது என்பது அப்போதுதான் முனாப்புக்கு நினைவு வந்தது. நஸ்ரினின் முகமும் வந்தது. மூன்றாவது அலை தலைக்கு மேலே எழும்பி வந்தது.

"அட மடையா! தண்ணிய அள்ளிக்கொண்டு நிக்கிறியே! கத்திய எடுத்துக் கயித்த அறுடா!"

சொன்ன பிறகுதான் தன் வாயில் என்ன வந்தது என்று அவருக்கே விளங்கியது. அஷ்ரப் ஒரு கணம் அவரைப் பார்த்தான். பிறகு பாய்ந்து கத்தியை எடுத்து அறுத்தான். இறுகிப்போயிருந்த கயிறு வெடிச்சத்தத்தோடு அறுந்து, முன்பக்கம் துள்ளி எழும்ப, அலை போட்டுக்கு அடியால் போனது. இஞ்சின் நல்லவேளை நிற்கவில்லை. கரை வரும் வரைக்கும் அவன் தண்ணீர் இறைத்தான், அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்தார். 

போட் மணலில் தட்டியதும் அஷ்ரப் இறங்கி நின்று கேட்டான்.

"மாமா, அந்தக் கம்பி நிமிரிறது பிழையில்லையா? நிமிர வேணுமா?"

"ஓம்."

"முதலே தெரியுமா உங்களுக்கு?"

"ஓம்."

"பிறகு ஏன் சொல்லல்ல?"

"நீங்க மாப்புள," என்றார் முனாப். 

"அதுக்காக ரெண்டு பேரும் மௌத்தாப் போறதா?" அஷ்ரப் கத்தினான். "நான் உலையடியில நிண்டவன் மாமா. பக்கத்தில நிக்கிறவன் பிழையைக் கண்டா வாயத் திறக்கணும், இல்லாட்டி ஆள் எரிஞ்சு போயிரும். இஞ்ச நீங்க எல்லாரும் கோழிக்கறிதான் வைக்கிறீங்க. ஒருத்தரும் என்னோட கதைக்கிறதில்ல."

நனைந்த சட்டையோடு அவன் ரோட்டில் ஏறி நடந்தான். வீட்டுப்பக்கம் போகவில்லை. மூதூர் பஸ் வருகிற பக்கம் போனான்.

முனாப் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். ஜெமீலா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். "மடையா எண்டா சொன்னீங்க? டா போட்டா சொன்னீங்க? என்ட புள்ளட வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டிட்டீங்களே!" நஸ்ரின் அழவில்லை, ஏசவுமில்லை. அவனுடைய போனுக்கு எடுத்தாள். அது போட்டில் நனைந்து செத்துப்போயிருந்தது. பிறகு அவனுக்கு ஒரு கோப்பையில் சோறு போட்டு மூடி வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே இருந்தாள். மகள் அழுதிருந்தால் முனாப்புக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். எந்தப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு மூதூருக்குப் போவது, என்ன சொல்லிக் கெஞ்சுவது என்று மனதுக்குள் கணக்குப் போட்டார். அவருக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை.

அந்தித் தொழுகை மஃரிபுக்குப் பாங்கு சொல்லக் கொஞ்சம் முந்தி, வாசல் படலையடியில் இரும்பு விழுகிற சத்தம் கேட்டது. அஷ்ரப் நின்றான். உடுப்பு உடம்பிலேயே காய்ந்து உப்புப் பூத்திருந்தது. காலடியில் ஒரு நங்கூரம், வீட்டுக் கம்பியில் செய்தது, ஒட்டின சூடு இன்னும் ஆறவில்லை. பஸ்ஸுக்குப் போகாமல் கராஜுக்குத்தான் போயிருக்கிறான். கம்பி நிமிர எவ்வளவு இழுவை வேண்டும் என்று லொறியில் கட்டி இழுத்துப் பார்த்திருக்கிறான் என்பது நங்கூரத்தின் கைகளில் இருந்த தடங்களில் தெரிந்தது.

"உலையடியில நாங்க ஒட்சிசன் அடிச்சு அடிச்சுக் காபனைக் குறைச்சம்," என்றான் அஷ்ரப். "குறைச்சா மலிவுச் சாமான் எண்டுதான் நினைச்சிருந்தனான். எதுக்குக் குறைக்கிறமெண்டு ஒருநாளும் கேக்கல்ல." பிறகு நங்கூரத்தைக் காலால் தள்ளிவிட்டான். "இதில குறை சொல்லுங்க மாமா."

"நல்லாத்தான் இருக்கு மருமகன்."

"அப்பிடியெண்டா நான் போறன்." அவன் உண்மையாகவே திரும்பினான்.

நஸ்ரின் எழும்பி நின்றாள்.  இத்தனை வருசம் ஊருக்கே ஏச்சை அள்ளி இறைத்த முனாப்பைப் பிடித்து வைத்தது ஒன்றுதான். பயம். உண்மையான பயம், மூன்றாவது அலைக்கு வந்ததைவிடக் கூடின பயம். அவர் இறங்கிப் போய்ப் படலையடியில் குந்தி, நங்கூரத்தைப் புரட்டினார்.

"வளையம் சின்னன்," என்றார் மெதுவாக.

அஷ்ரப் நின்றான்.

"என்ட கயிறு இதுக்குள்ள போகாது. தண்டு ஒரு சாண் கட்டை. கை நாலும் நாலு விதமா நிக்குது. இத ஒட்டினவன் கண்ண மூடிக்கொண்டா ஒட்டினான்?"

"ஒட்டினது நான்தான் மாமா."

"தெரியும்டா! அதுதான் கேக்கிறன்! கடலுக்கு வாறவன் நீந்தத் தெரியாம வருவானா? கராஜுக்குப் போறதெண்டா ஒரு சொல் சொல்லிட்டுப் போகமாட்டியா? அந்தப் புள்ள சோத்த மூடி வச்சுக்கொண்டு எவ்வளவு நேரம் குந்தியிருக்கு, அறிவிருக்கா உனக்கு?" முனாப்பின் குரல் மூன்று வீட்டுக்குக் கேட்டது. பாங்கு சொல்லத் தொடங்கும்வரை அவர் நிறுத்தவில்லை. அதற்குள் அஷ்ரப் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், மூடியிருந்த கோப்பையைத் திறந்து, நின்ற நிலையிலேயே சாப்பிட ஆரம்பித்திருந்தான்.